ஐபி கிளாஸ்லெஸ்: யாரும் தொடாத ஒரு வரியின் கதை

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். நெட்வொர்க்கிங் என் பாடம் இல்லை. எங்காவது சறுக்கியிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் ரூம்மேட் சி.சி.என்.ஏ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசரில் பொம்மை ரூட்டர்களை இழுத்துப் போட்டு, கோடு போட்டு இணைத்து, நள்ளிரவு வரை கட்டளை அடித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் ரூட்டரின் மொத்த அமைப்பையும் திரையில் ஓடவிட்டான். நடுவில் ஒரு வரி இருந்தது: ‘ஐபி கிளாஸ்லெஸ்’.

"இதை நீயா அடிச்ச?"

"இல்லடா, அது எப்பவும் இருக்கும்."

"எடுத்துட்டா என்ன ஆகும்?"

"தெரியல மச்சி. யாரும் எடுக்க மாட்டாங்க, விடு."

விட முடியவில்லை. எங்கள் பாடத்தில் பழைய சரக்கு, செல்லாத சரக்கு என்று ஒன்று வரும். கிடங்கில் இருக்கும், கணக்குப் புத்தகத்திலும் இருக்கும், ஆனால் விற்காது. அதை என்றைக்கு எழுதித் தள்ளுவது என்பதுதான் கேள்வி. இந்த வரியும் அப்படி ஒரு சரக்கு மாதிரி தோன்றியது. தோண்டினால் நாற்பது வருடக் கதை வெளியே வந்தது. கடைசியில் அது காசுக் கதையாகவும் ஆனதால், நான் எழுதலாம் என்று தைரியம் வந்தது.

மூன்றே அளவு மண்டபம்

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி. பழைய முறையில் (ஐ.பி. பதிப்பு 4) அது 32 பிட் நீளம். அதில் முன்பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்லும், பின்பகுதி அந்த நெட்வொர்க்கில் எந்தக் கணினி என்று சொல்லும். நம் பின்கோடும் வீட்டு எண்ணும் மாதிரி. பிரச்சினை எல்லாம் ஒரே இடத்தில்தான்: முன்பகுதி எங்கே முடிகிறது, பின்பகுதி எங்கே தொடங்குகிறது?

1980 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 760 என்ற ஆவணத்தில் இதற்கு எளிய பதில் இருந்தது. முதல் 8 பிட் நெட்வொர்க், மீதி 24 பிட் கணினி. அவ்வளவுதான். அப்படியென்றால் உலகம் முழுக்க 256 நெட்வொர்க்குக்கு மேல் இருக்கவே முடியாது. ஆராய்ச்சிக் கூடங்களை மட்டும் இணைத்த அந்தக் காலத்துக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள். ஒன்றரை வருடத்தில் போதாது என்று தெரிந்துவிட்டது.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 791 வந்தது. அதில்தான் நம் பாடப்புத்தகங்களில் இன்றும் வரும் ஏ, பி, சி வகுப்புகள். ஏ வகுப்பு நெட்வொர்க் ஒவ்வொன்றிலும் 1,67,77,216 முகவரிகள். பி வகுப்பில் 65,536. சி வகுப்பில் 256. எண்ணிக்கையில் தலைகீழ்: ஏ 128, பி 16,384, சி 20,97,152.

இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. முகவரியின் முதல் சில பிட்டுகளைப் பார்த்தாலே எந்த வகுப்பு என்று தெரிந்துவிடும். 0 என்று தொடங்கினால் ஏ, 10 என்றால் பி, 110 என்றால் சி. எனவே ஒரு ரூட்டர் இன்னொரு ரூட்டருக்கு வழி சொல்லும்போது நெட்வொர்க்கின் எண்ணை மட்டும் சொன்னால் போதும். அதன் அளவைத் தனியாகச் சொல்ல வேண்டாம். ரிப் என்ற பழைய வழிகாட்டு நெறிமுறை (1988ல் ஆர்.எஃப்.சி. 1058 ஆக எழுதி வைக்கப்பட்டது), சிஸ்கோ 1980களில் உருவாக்கிய ஐ.ஜி.ஆர்.பி., இரண்டுமே இப்படித்தான். அளவு என்று ஒரு கட்டமே அவற்றின் செய்தியில் கிடையாது.

இப்போது ஒரு நிறுவனத்தில் 300 கணினி என்று வைத்துக்கொள்வோம். சி வகுப்பு பத்தாது. அடுத்த அளவு பி, 65,536. ஊரில் மூன்றே மண்டபம், ஒன்றில் 250 பேர், அடுத்ததில் 65,000 பேர், அதற்கடுத்ததில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பேர் உட்காரலாம் என்றால் 300 பேர் வரும் கல்யாணத்துக்கு எதைப் பிடிப்பீர்கள்? எல்லோரும் பி மண்டபத்தைப் பிடித்தார்கள். காலி நாற்காலிகளுக்கு வாடகை இல்லாததால் யாருக்கும் உறுத்தவும் இல்லை.

தீர்ந்துபோகும் தேதி

1985 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 950 ஒரு சின்ன நிவாரணம் தந்தது. உங்களுக்குக் கிடைத்த நெட்வொர்க்கை உங்கள் வளாகத்துக்குள் சப்நெட்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். வெளியுலகுக்கு அது ஒரே நெட்வொர்க்தான். அதிலும் ஒரு விதி: பிரித்தவற்றில் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் பயன்படுத்தாதே. முதல் துண்டின் எண் முழு நெட்வொர்க்கின் எண்ணோடும், கடைசித் துண்டின் ஒலிபரப்பு முகவரி முழு நெட்வொர்க்கின் ஒலிபரப்பு முகவரியோடும் குழம்பும் என்பது காரணம். நான்காகப் பிரித்தால் இரண்டுதான் உங்களுக்கு. பாதி போச்சு. அந்தக் காலப் புத்தகங்களில் வரும் ‘மைனஸ் 2’ சூத்திரம் இங்கிருந்து வந்ததுதான்.

1990 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவரில் இணையப் பொறியாளர் கூட்டமான ஐ.ஈ.டி.எஃப். கூடியது. ஃப்ராங்க் சொலென்ஸ்கி என்பவர் வரைபடம் போட்டுக் காட்டினார்: இதே வேகத்தில் போனால் 1994 மார்ச்சில் பி வகுப்பு காலி.

சரி, பி தர வேண்டாம், பல சி வகுப்புகளைச் சேர்த்துக் கொடுப்போம் என்றால் அடுத்த சிக்கல். 300 கணினிக்கு இரண்டு சி, 2000 கணினிக்கு எட்டு சி. ஒவ்வொரு சி வகுப்பும் உலகின் மைய ரூட்டர்கள் எல்லாவற்றிலும் ஒரு வரி. 1988ல் சில நூறு வரிகளே இருந்த வழிப்பட்டியல் 1992 முடிவில் 8,500ஐத் தாண்டியிருந்தது. அன்றைய ரூட்டர்களின் நினைவகம் கொஞ்சம்தான். முகவரியை மிச்சம் பிடித்தால் ரூட்டர் மூச்சுத் திணறும், ரூட்டரைக் காப்பாற்றினால் முகவரி தீரும். இரண்டு பக்கமும் இடி.

வின்ஸ் ஃபுல்லர், டோனி லீ, ஜெசிகா யூ, கண்ணன் வரதன் ஆகிய நால்வர் 1992 ஜூனில் ஒரு யோசனையை எழுதினார்கள். 1993 செப்டம்பரில் அது ஆர்.எஃப்.சி. 1519 ஆக முறைப்படி வந்தது. பெயர் சைடர். சாராம்சம் ஒரே வரிதான்: வகுப்பே வேண்டாம். நெட்வொர்க் எண்ணோடு அதன் நீளத்தையும் சேர்த்துச் சொல்லிவிடு. 202.54.0.0/16 என்று எழுதினால் முதல் 16 பிட் நெட்வொர்க் என்று அர்த்தம். பழைய கணக்கில் அது 256 தனித்தனி சி வகுப்பு, 256 வரி. புதிய கணக்கில் ஒரே வரி.

இந்த 202ஐச் சும்மா எடுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் சி வகுப்பு முகவரிகளைக் கண்டம் வாரியாகப் பிரித்தபோது 202, 203 என்று தொடங்குபவை ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. டயல்-அப் காலத்தில் இணைப்பு வைத்திருந்த அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள், 202.54 என்று தொடங்கும் எண்ணை எங்கோ அடித்த ஞாபகம் இருக்கும்.

ஒரு வரி பிறந்த காரணம்

தாளில் வகுப்பை ஒழித்தாகிவிட்டது. ஆனால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டர்களின் மென்பொருளுக்குள் ஏ, பி, சி ஊறிக் கிடந்ததே? நம் கதாநாயகன் வருவது இங்கேதான்.

பழைய ரூட்டர் யோசிக்கும் விதம் இது. ஒரு நெட்வொர்க் என்பது ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம், ஒரே இடத்தில் இருக்கும். அதன் சில சப்நெட்டுகளுக்கு எனக்கு வழி தெரியும் என்றால் நானும் அதன் உள்ளே இருக்கிறேன் என்று அர்த்தம். அப்படியானால் அந்த நெட்வொர்க்கின் எல்லாச் சப்நெட்டும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றுக்குக் கடிதம் வந்தால் அப்படி ஒன்று இல்லவே இல்லை, கிழித்துப் போடு. ‘வழி தெரியாததையெல்லாம் இந்தப் பக்கம் அனுப்பு’ என்று பொதுவழி ஒன்று எழுதி வைத்திருந்தாலும் அதைப் பார்க்காது.

1981ன் உலகத்தில் இது சரியான தர்க்கம். 1996ல் அது தப்பு. அந்த வருடத் தொடக்கத்தில் 24 என்று தொடங்கும் ஏ வகுப்பு, கேபிள் டிவி வழியாக இணையம் தருபவர்களுக்காகத் துண்டு போடப்பட்டது. உங்கள் அலுவலகத்துக்கு அதில் ஒரு சின்னத் துண்டு கிடைக்கிறது. அதே 24ன் இன்னொரு துண்டு வேறு ஊரில் வேறு ஒருவரிடம். உங்கள் ரூட்டருக்குத் தெரிந்தது உங்கள் துண்டு மட்டும். அந்த வேறு ஊருக்கு ஒரு பாக்கெட் போனால், பொதுவழியில் வெளியே தள்ள வேண்டியதைப் பழைய ரூட்டர் குப்பையில் போட்டுவிடும். உலகம் முழுக்கப் பேச முடியும், உங்களைப் போலவே 24ல் தொடங்குபவர்களிடம் மட்டும் பேச முடியாது! இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

‘ஐபி கிளாஸ்லெஸ்’ என்ற கட்டளை சொல்வது இவ்வளவுதான்: வகுப்பைப் பார்க்காதே, பட்டியலில் இருப்பதில் எது மிக நீளமாகப் பொருந்துகிறதோ அந்த வழியில் அனுப்பு, எதுவும் பொருந்தாவிட்டால் பொதுவழி. அதன் தம்பி ‘ஐபி சப்நெட்-ஜீரோ’. நான்கில் முதல் துண்டை வீணடிக்காமல் பயன்படுத்த அனுமதிப்பது அது.

ஏன் இதைக் கட்டளையாக, விருப்பமாக வைத்தார்கள்? நேராக மாற்றியிருக்கலாமே? மாற்றினால் பழைய முறையை நம்பி ஓடிக்கொண்டிருப்பவரின் நெட்வொர்க் ஒரு மென்பொருள் மேம்படுத்தலில் வேறு மாதிரி நடக்க ஆரம்பிக்கும். எனவே முதலில் ‘வேண்டும் என்பவர் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று விட்டார்கள். நிர்வாகிகள் ஒவ்வொரு ரூட்டரிலும் கையால் அடித்தார்கள். ஒருவர் அமைப்பைப் பார்த்து இன்னொருவர் நகலெடுத்தார். இப்படித்தான் அந்த வரி உலகம் பூராவும் பரவியது.

போகாமல் போன கதை

இதற்கிடையே மற்றவையும் மெல்ல நகர்ந்தன. நீளத்தையும் சேர்த்துச் சொல்லும் பி.ஜி.பி. நான்காம் பதிப்பு 1994 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 1654 ஆக வந்தது. 1995ல் ஒரு துணிச்சலான சோதனை: 39 என்று தொடங்கும் ஏ வகுப்பை எடுத்துத் துண்டு போட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, இணையம் தாங்குகிறதா என்று நிஜ உலகத்திலேயே பார்த்தார்கள். கவனமாக இருந்தால் தாங்கும் என்று 1996 ஜனவரியில் அறிக்கை வந்தது. முதல் துண்டையும் கடைசித் துண்டையும் ஒதுக்கும் பழக்கம் காலாவதியானது என்று 1995 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 1878 சொன்னது. முதல் பதிப்பு ரிப் ‘வரலாற்றுப் பொருள்’ என்று 1996 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.

சிஸ்கோவின் மென்பொருளில் இரண்டு கட்டளைகளும் 1990களின் கடைசியில் தாமாகவே ‘ஆன்’ நிலைக்கு வந்தன. 12.0 பதிப்பில் சப்நெட்-ஜீரோவை யாரும் அடிக்க வேண்டியதில்லை. அளவு சொல்லத் தெரியாத ஐ.ஜி.ஆர்.பி. 12.2(13)டி பதிப்பிலிருந்து மென்பொருளை விட்டே நீக்கப்பட்டது. இந்தக் கதையில் முழுசாக எடுத்து வீசியது என்று நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

அதன் வாரிசான ஈ.ஐ.ஜி.ஆர்.பி.க்கு அளவு சொல்லத் தெரியும். ஆனாலும் பழைய பழக்கத்தில், வகுப்பின் எல்லை வந்ததும் துண்டுகளைத் தானாகவே சுருக்கி முழு வகுப்பாக அறிவிக்கும். ஒரு கிளையில் 10.1, இன்னொரு கிளையில் 10.2, நடுவே 172.16 என்று வேறொரு நெட்வொர்க் இருந்தால், இரண்டு கிளையும் ‘10 மொத்தமும் என்னிடம்தான்’ என்று அறிவிக்கும். நடுவில் இருக்கும் ரூட்டர் யாரை நம்பும்? இந்தத் தானியங்கிச் சுருக்கத்தை அணைக்க ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதினார்கள். அது இயல்பாகவே அணைந்த நிலைக்கு வந்தது 15ஆம் பதிப்பில்தான். சைடர் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒரு விருப்பம் மறையும் படிகள் இப்போது தெரிகின்றன. முதலில் புதுசு ஒரு விருப்பமாக வரும். பிறகு அதுவே இயல்புநிலை ஆகும். பிறகு பழசைத் தேர்ந்தெடுக்க ஆளே இருக்காது. கடைசியில்தான் நீக்கம். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே எல்லாம் தேங்கிவிடுகிறது. நீக்கினால் யாருக்கும் லாபம் கண்ணுக்குத் தெரியாது, எங்கோ ஒரு மூலையில் யாருக்கோ உடைந்தால் திட்டு மட்டும் நிச்சயம். ரூம்மேட் திரையில் அந்த வரி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். லினக்ஸ் கெர்னலில்கூட, முகவரியின் அளவைச் சொல்லாமல் விட்டால் ஏ, பி, சி பார்த்து ஊகிக்கும் ஒரு சின்னப் பகுதி 2020களிலும் இருக்கிறது.

சரி, காசுக்கு வருவோம்

‘இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒரு வரிதானே’ என்று நானும் முதலில் நினைத்தேன். 2011 பிப்ரவரி 3ல் உலக அளவிலான பொது இருப்பிலிருந்து கடைசி முகவரித் தொகுதிகள் கொடுத்து முடிக்கப்பட்டன. அடுத்த மாதமே ஒரு செய்தி: திவாலான கனடா நாட்டு நார்டெல் நிறுவனம் தன்னிடம் இருந்த 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்டுக்கு 75 லட்சம் டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. வகுத்துப் பாருங்கள், ஒன்று 11.25 டாலர். இலவசமாக வாங்கிய எண்கள் திவால் சொத்துப் பட்டியலில் ஏறிவிட்டன!

2017ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., தன்னிடம் முழுசாக இருந்த 18 என்ற ஏ வகுப்பில் ஒரு கோடியே நாற்பது லட்சம் முகவரிகள் பயன்படாமல் கிடப்பதாகச் சொல்லி, பெரும்பகுதியை விற்கப்போவதாக அறிவித்தது. 2019ல், ஹாம் ரேடியோக்காரர்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்த 44 என்ற ஏ வகுப்பில் கால் பங்கு, 41,94,304 முகவரிகள், அமேசானுக்குப் போனது. பத்துக் கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

‘கால் பங்கு’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஏ வகுப்பின் கால் பங்கு என்ற பொருளே 1981ன் உலகத்தில் கிடையாது. மண்டபத்தில் கால்வாசியை வேறு ஒருவர் பெயருக்குப் பட்டா மாற்ற முடியாது, ரூட்டருக்குப் புரியாது. பிரிக்க முடியாத பொருளுக்குச் சந்தை உருவாவது கஷ்டம் என்று முதல் வருடப் பொருளாதாரத்திலேயே படிக்கிறோம். வகுப்பை ஒழித்தது ரூட்டரின் நினைவகத்தைக் காப்பாற்ற. இருபது வருடம் கழித்து அதுவே ஒரு சந்தையைப் பிறப்பித்தது. அந்த நால்வர் 1993ல் இதை நினைத்துச் செய்யவில்லை, அவர்கள் ஒரு அவசரத்துக்குத் தீர்வு தேடினார்கள்.

ஒழிக்காமல் விட்ட ஒரு வகுப்பும் இருக்கிறது. 240 முதல் 255 வரை தொடங்குபவை ஈ வகுப்பு, ‘பின்னால் பயன்படுத்தலாம்’ என்று எடுத்து வைத்தவை. மொத்தம் 26,84,35,456 முகவரிகள். நார்டெல் விலையில் பெருக்கினால் 300 கோடி டாலர் (அவ்வளவும் ஒரே நாளில் சந்தைக்கு வந்தால் விலை சரியும் என்பது வேறு விஷயம்). 2008ல் ஃபுல்லர் உள்ளிட்டோர் இதைத் திறந்துவிடலாம் என்று முன்வைத்தார்கள். லினக்ஸ் அதே வருடம் இந்த முகவரிகளை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. ஆனால் உலகம் முழுக்கப் பழைய ரூட்டர்களிலும் கணினிகளிலும் ‘240க்கு மேல் வந்தால் தூக்கிப் போடு’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவு கருவிகளிலும் அதை அழிக்க யாராலும் முடியாது. யோசனை அப்படியே நின்றது. அந்த முகவரிகள் பொதுப் பயன்பாட்டுக்கு இன்னமும் வரவில்லை.

உபயோகமற்ற வரியை யாரும் எடுக்காததற்கு விலை இல்லை என்று இனி சொல்ல மாட்டேன். கிளாஸ்லெஸ் வரி பாதியிலாவது இயல்புநிலையானது, அதனால் உலகத்தின் முகவரிகள் இன்னும் இருபது வருடம் ஓடின. ஈ வகுப்பு வரி ஆகவில்லை, 26 கோடி முகவரி கிடப்பில் கிடக்கிறது. வழிப்பட்டியல் இன்று பத்து லட்சம் வரியை ஒட்டி நிற்கிறது. சைடர் இல்லாமல் இது எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

எங்கள் கணக்கியலில் பழைய சரக்கை எழுதித் தள்ளும்போது அந்த வருடம் நஷ்டம் காட்ட வேண்டும். அதனால்தான் எல்லோரும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். மென்பொருளிலும் அதேதான் நடக்கிறது என்று புரிந்தது. வித்தியாசம் என்னவென்றால், கணக்கில் வருடாவருடம் ஆடிட்டர் வந்து ‘இது ஏன் இன்னும் இருக்கு?’ என்று கேட்பார். ரூட்டருக்கு அப்படி ஆள் கிடையாது.

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, பரீட்சையில பி வகுப்பு எதுலேருந்து எது வரைன்னு கேட்டா நான் என்ன எழுதறது?" என்றான்.

128 முதல் 191 வரை. அதையே எழுதுடா. ஆனால் பக்கத்தில் பென்சிலால் ‘1981 – 1993’ என்று குறித்துக்கொள்.